தாமதமாக அடித்த மணி

அந்த வார்டில் ஒரு காலத்தில் காதைப் பொத்திக்கொள்ள வேண்டிய சத்தம். நோயாளிகள் போட்ட சத்தம் இல்லை. அவர்கள் பாவம், மூச்சு விடுவதற்கே யோசித்துக்கொண்டு கிடந்தார்கள். கத்தியது தலைமாட்டில் இருந்த மானிட்டர்கள். திரும்பிப் படுத்தால் பீப். இருமினால் பீப். மூக்கைச் சொறிவதற்காக விரல் கிளிப்பைக் கழற்றினால், உயிரே போய்விட்ட மாதிரி நீளமாக ஒரு பீப். இருபது கட்டிலும் மாறி மாறிக் கத்தினால் எந்த நர்ஸ் எதற்கென்று ஓடுவாள்? புலி வருது, புலி வருது கதைதான். ஒருநாள் நிஜப் புலியே வந்தது. நாலு நர்ஸுகள் வார்டுக்குள் நடமாடிக்கொண்டிருக்க, ஒரு நடுவயது ஆள் அலாரம் அடிக்க அடிக்கவே செத்துப்போனார். அடித்தது எல்லார் காதிலும் விழுந்தது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

வார்டுப் பொறுப்பில் இருந்த பெரிய சிஸ்டருக்கு அந்தச் சாவு பொறுக்கவில்லை. அழுதுவிட்டு மறக்கிற ஆள் இல்லை அவள். அடுத்த மாதம் முழுக்க, எந்த மெஷின் எதற்குக் கத்துகிறது என்று கட்டில் கட்டிலாக நின்று பார்த்தாள். பார்த்தால், எல்லா மெஷினிலும் தொழிற்சாலையிலிருந்து வந்த ஒரே லிமிட். புகை பிடித்துப் பிடித்து நுரையீரல் பாதி போன கிழவருக்கும், குடல்வால் எடுத்துக்கொண்ட கல்லூரிப் பையனுக்கும் ஆக்சிஜன் தொண்ணூறுக்குக் கீழே போனால் மணி. கிழவருக்கு எண்பத்தைந்து இருந்தாலே அது நல்ல நாள். மெஷினுக்கு ஆள் தெரியுமா? கத்தச் சொல்லி அனுப்பினார்கள், கத்துகிறது.

ஆளைப் பார்த்து லிமிட்டை வைத்தால் என்ன என்று அவள் கேட்டாள். நோயாளியை வார்டுக்குள் வாங்குகிற நர்ஸே, அவர் உடம்புக்கு ஏற்றபடி அந்த இடத்திலேயே மாற்றிவிட வேண்டும். அவ்வளவுதான் அவளுடைய கண்டுபிடிப்பு. ராக்கெட் விடச் சொல்லவில்லை. ஆனாலும் டாக்டர்கள் சிரித்தார்கள். ஆபரேஷன் டாக்டர், லிமிட்டில் கை வைப்பது டாக்டரின் வேலை என்றார். சரி, வந்து வையுங்கள் என்று இவள் சொன்னாள். ஒருவரும் வரவில்லை. கடைசியில் தலைமை டாக்டர் மட்டும், உன் வார்டில் மட்டும் செய்து காட்டு, ஏதாவது ஆனால் என் தலைதான் உருளும் என்று எச்சரித்து அனுமதி கொடுத்தார்.

இரண்டே வாரத்தில் வார்டு அடங்கிவிட்டது. எப்போதாவதுதான் மணி அடித்தது, அடித்தால் ஓடினார்கள். நோயாளிகள் தூங்கினார்கள். பெரிய சிஸ்டருக்கு 'உஷ் சிஸ்டர்' என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. சுகாதாரத் துறையிலிருந்து ஒரு அதிகாரியம்மா பார்க்க வந்தார். பத்து நிமிஷம் நின்றுவிட்டுப் போக வந்தவர், டீயை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தே விட்டார். அதிகாரிகளுக்கு டீ உள்ளே போனால்தான் காது திறக்கும் போலிருக்கிறது. "ஃபேன் சத்தம் கேக்குதே" என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டிருக்கும்போதே பன்னிரண்டாம் கட்டிலில் மணி அடித்தது. அவர் கோப்பையைக் கீழே வைப்பதற்குள் இரண்டு நர்ஸுகள் அங்கே நின்றார்கள். அதைப் பார்த்துத்தான், இதை எல்லா மருத்துவமனைக்கும் கொண்டுபோவது என்று அவர் முடிவு செய்தார்.

அதன்பிறகு வரைவு, திருத்தம், மறுபடி வரைவு என்று இரண்டு வருஷம் இழுத்தது. ஒருவழியாக, துறையின் எல்லா மருத்துவமனைகளுக்கும் உத்தரவு போடும் கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள். அந்த உத்தரவில் 'செவிலியர் தம் பொறுப்பில்' என்று ஒரு இடம் வரும். பெரிய சிஸ்டர் அந்த இடத்தை மட்டும் தனியாகப் படித்துப் பார்த்துக்கொள்வாள். அதுவரை அவள் படித்த எல்லா உத்தரவிலும் செவிலியர் என்ற சொல்லுக்கு முன்னால் 'டாக்டர் சொற்படி' என்று இருக்கும். பொறுப்பு என்ற சொல்லை யாரும் இவர்கள் பக்கம் தள்ளியதே இல்லை. அந்த ஒரு சொல்லுக்காக அவள் எத்தனை பேர் வாசலில் காத்து நின்றிருப்பாள்!

அதே வார்டில் அவளுடைய நாத்தனாரும் நர்ஸ். கணவனின் தங்கை. சின்ன சிஸ்டர் என்பார்கள். அண்ணியும் நாத்தனாரும் ஒரே வீட்டில் குடியிருந்து, ஒரே வார்டில் வேலை பார்த்து, இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் அந்த மருத்துவமனையின் முதல் அதிசயம், லிமிட்டெல்லாம் அப்புறம் என்று மற்ற நர்ஸுகள் கேலி செய்வார்கள். சின்னவளை நர்ஸ் படிப்பில் சேர்த்துவிட்டதே பெரிய சிஸ்டர்தான். மாமியாருக்கு அதில் அவ்வளவாக விருப்பமில்லை. "உன் நம்பிக்கையிலதான் அனுப்பறேன்" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

கூட்டத்துக்கு முந்தின வாரம், திங்கட்கிழமை மதியம், மூன்றாம் கட்டிலில் இருந்த தாத்தா வீட்டுக்குக் கிளம்பினார். நுரையீரல் நோய்க்காரர். அவருக்காகப் பெரிய சிஸ்டரே ஆக்சிஜன் லிமிட்டை எண்பதாகக் குறைத்து வைத்திருந்தாள். அவர் எல்லோரையும் வாழ்த்திக்கொண்டே சக்கர நாற்காலியில் போனார். படுக்கையின் சூடுகூட ஆறவில்லை, ஆபரேஷன் முடிந்து ஒரு அம்மாவைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்துவிட்டார்கள். காலை நர்ஸுகள் கிளம்புகிற நேரம், மாலை நர்ஸுகள் இன்னும் உடை மாற்றி முடிக்காத நேரம். யாரைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பது என்று பெரிய சிஸ்டரே இறங்கிவிட்டாள். விரிப்பு மாற்றினாள், வயர்களைத் துடைத்தாள், விரலில் கிளிப்பை மாட்டினாள். திரையில் பச்சை நிறத்தில் தொண்ணூற்றாறு. நல்ல எண்.

அந்த அம்மா தையல் கடை வைத்திருப்பவர். பித்தப்பையில் கல். கூட வந்திருந்த அவருடைய அக்கா, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மெஷின் பார்த்துக்கொள்ளுமா என்று கேட்டார். "மெஷின் என்னம்மா மெஷின், நாங்க பாத்துக்குவோம்" என்றாள் பெரிய சிஸ்டர். பிறகு மாலைப் பணிக்கு வந்த நாத்தனாரிடம், மூணாம் கட்டில் புதுசு, எல்லாம் நானே மாட்டிவிட்டேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள். அண்ணி மாட்டியதை மறுபடி சரிபார்க்க வேண்டும் என்று சின்னவளுக்குத் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றும்?

இருட்டும் நேரத்தில் வார்டின் அந்தக் கோடியில் ஒருவருக்குத் தையல் பிரிந்து ரத்தம் கொட்டியது. சின்னவளும் இன்னொரு நர்ஸும் அங்கே துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பார்வையாளர் நேரம் முடிந்து தையல்காரம்மாவின் அக்காவும் போய்விட்டிருந்தார். அப்போது மூன்றாம் கட்டிலில் மணி அடித்தது. சின்னவள் ரத்தக் கையோடு ஓடினாள். அந்த அம்மாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. வலி ஊசியின் மயக்கத்தில் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து குறைந்து நின்றேபோயிருந்தது. நெஞ்சை அழுத்தி, டாக்டரைக் கூப்பிட்டு, தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோய், எல்லாம் செய்தார்கள். மறுநாள் மதியம் அவர் இறந்துபோனார்.

அந்த மறுநாள் காலையில், தையல்காரம்மா இன்னும் மேல்மாடித் தீவிர சிகிச்சையில் இழுத்துக்கொண்டிருக்கும்போதே, மூன்றாம் கட்டிலுக்கு அடுத்த நோயாளி வந்துவிட்டார். அந்த மருத்துவமனையில் கட்டில் காலியாக இருக்க யாரும் விடமாட்டார்கள். பெரிய சிஸ்டர் கிளிப்பை மாட்டினாள். பெரிய எண்ணைப் பார்த்தாள். பிறகு, ஏனோ, அதன் பக்கத்தில் கடுகளவு எழுத்தில் இருக்கும் லிமிட்டைப் பார்த்தாள்.

எண்பது.

அந்த மெஷினின் ஓரத்தில் 'புது நோயாளி' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் மெஷினில் பதிந்த முந்தினவர் கணக்கெல்லாம் அழிந்து, லிமிட் பழையபடி தொண்ணூறுக்கு வந்துவிடும். மெஷின் வந்த நாளிலிருந்து யாரும் அதை அழுத்தியதில்லை. அழுத்த வேண்டிய தேவையே இருந்ததில்லை, எல்லாருக்கும் ஒரே லிமிட் இருந்தவரையில். ஆளுக்கு ஆள் லிமிட்டை மாற்றலாம் என்று இவள் கொண்டுவந்த பிறகுதான் அந்தப் பொத்தானுக்கு உயிர் வந்தது. வார்டுக்கு வந்த நர்ஸுகளுக்கெல்லாம் பயிற்சி கொடுத்தவள், எப்படி மாற்றுவது என்று விரல் பிடித்துச் சொல்லிக் கொடுத்தவள், ஒருத்தர் எழுந்து போனதும் அவருடைய லிமிட்டை மெஷினிலிருந்து எடுத்துவிடு என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. மாற்றத் தேவையில்லாதவருக்கு மெஷினில் தொண்ணூறு தானாகவே இருக்கும் என்று இருந்துவிட்டாள். தாத்தாவின் நுரையீரலுக்கு வைத்த எண்பதைத் தையல்காரம்மாவுக்கு அப்படியே மாட்டிவிட்டுப் போயிருக்கிறாள். தொண்ணூறில் அடிக்க வேண்டிய மணி எண்பது வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது.

எதிரே புது நோயாளி இருமினார். அவருக்குத் தொண்ணூறுதான் சரி. அவள் பொத்தானை அழுத்தினாள். திரை ஒருமுறை இருண்டு, தொண்ணூறோடு மறுபடி வந்தது. தையல்காரம்மாவின் முந்தின நாள் சாயங்காலம் முழுவதும் அந்த ஒரு அழுத்தலில் அழிந்துபோனது. அழுத்தியது அந்தப் புது ஆளுக்காகவா, இல்லை பயத்திலா என்று அன்றைக்கு அவளைக் கேட்டிருந்தால் ஆளுக்காக என்றுதான் சொல்லியிருப்பாள். அப்புறம் யோசிக்க யோசிக்க அவளுக்கே அது நிச்சயமில்லாமல் போனது.

விசாரணைக் குழு அன்று மாலையே வந்தது. முதலில் மெஷினைப் பார்த்தார்கள். லிமிட் தொண்ணூறு. ஆக, மெஷின் மேல் பழி இல்லை. சின்னவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். தொண்ணூறிலிருந்து உதடு நீலம் பாரிக்கிற அளவுக்குக் கண்மூடித் திறப்பதற்குள் இறங்காது, அதுவரைக்கும் மணி அடித்துக்கொண்டேதான் இருந்திருக்கும், நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டார்கள். மணி அடித்ததும் ஓடினேன் என்றாள். அப்படியானால் அதற்கு முன்னால் அடித்ததை நீ கேட்கவில்லை என்று அவர்களே எழுதிக்கொண்டார்கள். கூட இருந்த நர்ஸும் பயந்துபோய், ரத்தத்தைப் பார்த்த பதற்றத்தில் எதுவும் நினைவில்லை என்று சொல்லிவிட்டாள். விசாரணை முடியும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சின்னவளை அனுப்பிவிட்டார்கள்.

பெரிய சிஸ்டர் அடுத்த நாளே தலைமை டாக்டரின் அறைக்குப் போனாள். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். எழுந்து கதவைச் சாத்தினார். அவள் முகத்தைப் பார்த்தார். மூன்றாம் கட்டில் விஷயமாக என்று அவள் தொடங்கியதும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"நீ சொல்லப்போறது எதுவா இருந்தாலும், என் காதுல விழுந்துட்டா நான் எழுதியாகணும். யோசிச்சுக்கோ. கூட்டம் முடியட்டும். உத்தரவு வெளியே வரட்டும். அப்புறம் வந்து சொல்லு, நானே உக்காந்து கேக்கறேன்."

அவள் நாத்தனாரைப் பற்றிக் கேட்டாள். ஒரு எச்சரிக்கை, மிஞ்சிப்போனால் வேறு இடத்துக்கு மாற்றம், அதற்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்கிறேன் என்றார். எத்தனை ஊரில் எத்தனை வார்டு இன்னமும் கத்திக்கொண்டு கிடக்கிறது, அங்கே எத்தனை பேர் மணி அடிக்க அடிக்கச் சாகிறார்கள், அதையும் எடைபோட்டுப் பார் என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவள் சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். தலையாட்டிய தன் கழுத்தின் மேலேயே அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள் என்பார்கள். மறைக்கலாம். ஆனால் அந்தச் சோற்றைத் தினமும் அதே வீட்டில் உட்கார்ந்து சாப்பிடவும் வேண்டுமே.

வீட்டில் மாமியார் அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். திட்டினால்கூடப் பரவாயில்லை. டம்ளரைக் கொஞ்சம் அழுத்தி வைப்பார், அவ்வளவுதான். கணவன் பஸ் ஓட்டுகிறவன். நாளெல்லாம் ஊர் ஜனங்களிடம் திட்டு வாங்கிப் பழகியவன் என்பதால் கோபம் சீக்கிரம் வராது. அவனே ஒருநாள், நீ அங்கே பெரிய ஆள்தானே, உன் வார்டு, உன் மெஷின், அவளுக்காக ஒரு வார்த்தை பேசக்கூடாதா என்று கேட்டுவிட்டான். பேசுகிறேன், கூட்டம் முடியட்டும் என்றாள். உனக்கு உன் கூட்டம் என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனான்.

சின்னவள் அறையை விட்டு அதிகமாக வெளியே வருவதில்லை. ஒருநாள் சாயங்காலம் பெரிய சிஸ்டர் டீ போட்டுக்கொண்டுபோய்க் கொடுத்தாள். அவள் வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, கேட்காமலே பேசினாள்.

"முன்னாடியே அடிச்சிருக்கும் அண்ணி. அவங்க சொல்றது சரிதான். என் காதுலதான் விழலை. முதல்ல இல்லவே இல்லைன்னு நினைச்சேன். இப்ப குளிக்கும்போது கேக்குது. தண்ணிய நிறுத்திட்டுக் கேட்டாலும் கேக்குது. அப்படின்னா அன்னிக்கும் அடிச்சிருக்கும்ல?"

இல்லாத மணியை இந்தப் பெண் இப்போது கேட்க ஆரம்பித்துவிட்டாள். ஒரே வார்த்தைதான். அடிக்கலைடி. சொல்லிவிட்டால் இவள் இன்றைக்கு இரவு தூங்குவாள். சொல்லிவிட்டால் இவள் தன் அண்ணனிடம் சொல்வாள், அண்ணன் நாளைக் காலையில் விசாரணைக் குழுவின் வாசலில் போய் நிற்பான், இரண்டு வருஷ உழைப்பு ஒரு மணி நேரத்தில் மண்ணாகும். இன்னும் ஐந்தாறு நாள்தானே என்று தன் வாயைத் தானே அடைத்துக்கொண்டாள். "டீ ஆறுது பாரு, குடி" என்றாள். மனுஷி கல்லாகிவிட வேண்டுமானால் இதைவிடச் சுலபமான வழி கிடையாது. நல்ல காரியம் ஒன்று கையில் இருந்தால் போதும்.

கூட்டத்துக்கு முந்தின நாள் சின்னவள் உடை மாற்றிக்கொண்டு எங்கோ கிளம்பினாள். எங்கே என்று மாமியார் கேட்டதற்கு, சும்மா நடந்துவிட்டு வருகிறேன் என்றாளாம். வெளியே காற்று பட்டால் நல்லதுதான் என்று பெரிய சிஸ்டர் நினைத்துக்கொண்டாள். பொழுது சாய்ந்து திரும்பியவளின் முகத்தில் அழுத தடம் இருந்தது. ஆனால் கொஞ்சம் இறக்கி வைத்த மாதிரியும் இருந்தது. இன்றைக்குச் சாப்பிட்டாள், தூங்கவும் செய்கிறாள் என்று மாமியார் மகனிடம் சொல்வது காதில் விழுந்தது. பார்த்தாயா, தானாகவே ஆறுகிறது, காலம் எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என்று பெரிய சிஸ்டர் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை கூட்டம். நீளமான மேஜை, அதன் மேல் ஒருவரும் தொடாத பிஸ்கட்டுத் தட்டு. அதிகாரியம்மா நடுவில். தலைமை டாக்டர் அவருக்கு வலப்பக்கம். ஆபரேஷன் டாக்டர் எதிரில், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. வரைவை ஒருவர் படித்தார். 'செவிலியர் தம் பொறுப்பில்' என்ற இடம் வந்ததும் அதிகாரியம்மா பெரிய சிஸ்டரைப் பார்த்துப் புன்னகை செய்தார். போன வாரச் சாவைப் பற்றி ஆபரேஷன் டாக்டர் கிளப்பினார். தலைமை டாக்டர் அதை எதிர்பார்த்தே வந்திருந்தார். லிமிட் சரியாகவே இருந்தது, அது ஒரு தனிப்பட்ட செவிலியரின் கவனக்குறைவு, இந்த ஏற்பாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று வழவழவென்று சொல்லி முடித்தார். சொல்லும்போது பெரிய சிஸ்டர் பக்கம் அவர் திரும்பவே இல்லை. அதிகாரியம்மா, கையெழுத்துப் போடும் முன் நீங்கள் இரண்டு வார்த்தை சொல்லுங்களேன் என்றார்.

நன்றி சொல்வதற்காக அவள் இரண்டு வார்த்தை தயார் செய்துதான் வந்திருந்தாள். எழுந்து நின்றாள். தனிப்பட்ட செவிலியரின் கவனக்குறைவு என்ற சொற்கள் அந்த நன்றியை வழிமறித்தன. அந்தத் தனிப்பட்ட செவிலியர் வீட்டில் குழாயை மூடிவிட்டு மணி அடிக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். நர்ஸ் பொறுப்பு என்று கேட்டு வாங்கப்போகிறோம், அந்தப் பொறுப்பு வந்து நிற்கும்போது இன்னொரு நர்ஸின் தலையில் கட்டிவிட்டா?

"அந்த மணி முன்னாடியே அடிச்சிருக்கணும். அடிக்கலை. அடிக்காதபடி வச்சது நான்" என்றாள். "சின்ன சிஸ்டர் மேல ஒரு தப்பும் இல்லை. மணி அடிச்சதுமே அவங்க ஓடினாங்க."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். தாத்தாவின் எண்பது, யாரும் அழுத்தாத பொத்தான், பயிற்சியில் தான் விட்டுவிட்டது, மறுநாள் காலையில் தானே அழித்தது. எதையும் குறைத்துச் சொல்லவில்லை. அழவும் இல்லை. உத்தரவில் முதல் வரியாக, நோயாளி மாறினால் பொத்தானை அழுத்த வேண்டும் என்று சேருங்கள், லிமிட்டை டாக்டர் மாற்றினாலும் நர்ஸ் மாற்றினாலும் இந்த ஓட்டை அங்கேயேதான் இருக்கும், இதை அடைத்துவிட்டு உத்தரவைப் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டாள்.

ஆபரேஷன் டாக்டர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "இதுக்குத்தான் அன்னிக்கே சொன்னேன்" என்றார். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. அதிகாரியம்மா அவள் சொன்ன முதல் வரியைக் குறித்துக்கொள்ளத்தான் செய்தார். ஆனால் பேனாவை மூடிவிட்டு, ஒரு சாவு இருக்கும்போது நான் கையெழுத்துப் போட முடியாது, டாக்டர்கள் குழு ஒன்று பார்க்கட்டும், அதுவரை எல்லா மெஷினும் பழைய லிமிட்டுக்கே போகட்டும் என்றார். எவ்வளவு நாள் என்று அவள் கேட்டாள். அதை எப்படி இப்போது சொல்ல முடியும் என்று பதில் வந்தது. விசாரணை முடியும் வரை அவள் மருத்துவமனைக்குள் வரக்கூடாது. சின்னவள் திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரலாம்.

வராந்தாவில் தலைமை டாக்டர் அவளைத் தாண்டிப் போனார். நின்றார். கோபப்படுவார் என்று பார்த்தாள். அவருக்கு வயதாகிவிட்ட மாதிரி இருந்தது. "அன்னிக்கே நான் உன்னைச் சொல்ல விட்டிருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வார்டைக் கடக்கும்போது உள்ளே லிமிட்டுகளை மாற்றத் தொடங்கிவிட்டிருந்தார்கள். மூன்று நாலு மெஷின்கள் ஒன்றுக்கொன்று போட்டி போட்டுக் கத்தின. பழக்கமில்லாத ஒரு புது நர்ஸ் எதற்கு ஓடுவது என்று தெரியாமல் நடுவில் நின்றாள். உள்ளே போய் அவள் தோளைத் தொட வேண்டும் என்று கை துடித்தது. போகக்கூடாது.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சின்னவளின் அறை வாசலுக்குப் போனாள். சின்னவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நேற்றிலிருந்து கொஞ்சம் முகம் தெளிந்திருந்தது. பெரிய சிஸ்டர் வாசலிலேயே நின்றபடி, மணி அடிக்கவே இல்லை, நீ கேட்காமல் விடவில்லை, தப்பு என்னுடையது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். திங்கட்கிழமை நீ வேலைக்குப் போகலாம் என்றும் சொன்னாள். அந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது, இவள் முகம் மலரும் என்று அவளுக்குள் ஒரு அற்ப ஆசை இருந்தது உண்மை.

சின்னவள் மடித்த துணியை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எப்போது தெரியும் என்று கேட்டாள். மறுநாள் காலையிலேயே என்றாள் பெரிய சிஸ்டர். அன்று டீ கொண்டுவந்து கொடுத்தபோதும் தெரியுமா என்று அடுத்த கேள்வி வந்தது. தெரியும்.

"நேத்து நான் எங்க போனேன்னு நீங்க கேக்கலை" என்றாள் சின்னவள். குரல் உயரவில்லை. "அவங்க அக்கா வீட்டுக்குப் போனேன். தையல் கடைக்கு மேல்மாடி. மணி அடிச்சுது, நான்தான் கேக்கலை, உங்க தங்கச்சி என்னாலதான் போனாங்கன்னு சொன்னேன். அவங்க கதவைச் சாத்திட்டாங்க. நான் படியிலேயே உக்காந்திருந்தேன். அப்புறம் அவங்களே திறந்தாங்க. தண்ணி குடுத்தாங்க. பக்கத்துல உக்காந்து அழுதாங்க. எனக்கும் ஒரு தங்கச்சி மாதிரிதான் நீன்னு சொல்லி என்னை மன்னிச்சாங்க அண்ணி. எவ்வளவு கஷ்டப்பட்டு மன்னிச்சாங்கன்னு நான் பாத்தேன்."

துணியை எடுத்துக் கட்டில் மேல் வைத்தாள்.

"இப்ப நீங்க போய் அவங்ககிட்ட இன்னொரு தடவை அதே மன்னிப்பைக் கேப்பீங்களா?"

பெரிய சிஸ்டர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். போகாமல் இருக்க முடியாது என்பது மட்டும் தெரிந்தது. திரும்பிக் கூடத்தைக் கடந்து, மாமியார் நிமிர்ந்து பார்த்ததையும் பொருட்படுத்தாமல், படியிறங்கித் தெருவுக்கு வந்துவிட்டாள். வந்த பிறகுதான் உறைத்தது. அந்தத் தையல் கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியாது. விலாசம் மருத்துவமனையில் இருக்கிறது, அங்கே அவள் நுழைய முடியாது. வழி தெரிந்தவள் ஒருத்திதான். பெரிய சிஸ்டர் மறுபடி படியேறி, இப்போது சாத்தியிருந்த சின்னவளின் அறைக் கதவைத் தட்டினாள்.